கம்பவுண்டர் ஞானசீலனுக்குப் பின்னிய சால்வை

இந்தக் கதையைக் கடிதமாக எழுதி எனக்கு அனுப்பியவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதனால்தான் பதினோரு வருஷமாக இதை நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் கிடந்தேன். சந்தேகம் கதையின் மேலா, என் புத்தியின் மேலா என்றுகூட யோசித்திருக்கிறேன். அவர் எழுதியதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஆவிப்பாறை தேயிலை எஸ்டேட்டில் இன்னாசி, சடையாண்டி, பவுன்ராசு என்று மூன்று கூட்டாளிகள். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதும் அவர்களை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்காரவிட்ட ஒரே மனிதர் கம்பவுண்டர் ஞானசீலன். அவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான சாயல்குடிக்கே போகிறார் என்று தெரிந்ததும் இன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை.

“போனா நம்மள மறந்துருவாருடா.”

“சால்வை பின்னிக் குடுப்போம். குளிருறப்ப எல்லாம் நம்ம நெனப்பு வரும்” என்றான் சடையாண்டி.

சாயல்குடியில் யாருக்கும் குளிர்ந்ததாகத் தகவல் இல்லை. அது அவர்களுக்குத் தோன்றவில்லை.

தையல் டீச்சர் ரோசம்மா ஏழு நிறத்தில் உல்லன் நூலும் ஒரு கொக்கி ஊசியும் கொடுத்து, “முதல்ல சங்கிலி போடுங்க” என்றார். பவுன்ராசு எழுந்துபோய்க் கதவுக்குச் சங்கிலி போட்டுவிட்டு வந்தான்.

“அறுபது கண்ணி போடணும்” என்றார். சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வெளியே போன சடையாண்டி சாயங்காலம்தான் திரும்பினான். “அம்பத்தெட்டுதான் வெச்சேன் டீச்சர், கயிறு பத்தல. ஆனா ஒரு முயல் மாட்டிருச்சு.”

ரோசம்மா தானே முதல் வரிசையைப் பின்னிக் கையில் கொடுத்தார். “இதே மாதிரி போங்க. ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் திரும்பணும். அவ்வளவுதான்.” அவருக்குத் தலைவலி. வீட்டுக்குப் போய்விட்டார்.

பின்னுகிற வேலையைச் சடையாண்டியும் பவுன்ராசுவும் எடுத்துக்கொண்டார்கள். திரும்புகிற பொறுப்பு இன்னாசிக்கு. வரிசை முடிய முடிய அவன் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுத் திரும்பினான். பின்னலும் அவனோடு சுற்றியது.

“சரியா வருதாடா?”

“வருது. மூச்சு மட்டும் கொஞ்சம் முட்டுது.”

மூன்றாம் நாள் சால்வை முடிந்தபோது இன்னாசியில் மிச்சம் தெரிந்தது மூக்கும் அதற்கு மேலேயும்தான். மற்ற இருவரும் ஆலோசித்தார்கள்.

“வெட்டி எடுத்துருவோமா?”

“கம்பவுண்டர் ஐயாவுக்குக் குடுக்குறதப் போயி வெட்டுவாங்களா? சேதி தெரிஞ்சா அவரு மனசு என்ன பாடுபடும்!”

“அப்ப இன்னாசி?”

“அவனும் சேர்ந்து போகட்டும்.”

ஐயாவோடு போகலாம் என்றதும் இன்னாசி கம்பளிக்குள்ளிருந்து, “ம்” என்றான்.

பஸ் நிறுத்தத்துக்கு அவனைத் தூக்கிப்போய் நிறுத்தினார்கள். “போர்த்திக்குங்க ஐயா.”

ஞானசீலன் சுற்றிவந்து பார்த்தார். “உள்ள ஆள் இருக்கானேப்பா!”

“அது லைனிங்குங்க ஐயா” என்றான் பவுன்ராசு.

டிரைவர் ஹாரன் அடித்தார். ஞானசீலன் நூல் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தார். இன்னாசி பம்பரமாகச் சுழன்று வெளியே வந்தான். காலடியில் ஏழு நிறத்தில் நூல் குவிந்து கிடந்தது. சால்வை இல்லை.

இன்னாசி ஓவென்று அழுதான். “இனி எதப் போர்த்திக்கிட்டு எங்கள நெனப்பீங்க?”

கம்பவுண்டர் கையிலிருந்த முனையை அப்படியே கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். “அழாத இன்னாசி. எங்க இருந்தாலும் நம்ம தொடர்பை மட்டும் விட்டுடாத” என்று சொல்லி ஏறிவிட்டார்.

இன்னாசி மறுமுனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பஸ் நகர்ந்தது. இரண்டாவது வளைவிலேயே குவியல் தீர்ந்துவிட்டது.

“முடிச்சுப் போடுடா!”

ரோசம்மாவின் அலமாரியில் இருந்த நூலெல்லாம் போயிற்று. பிறகு மூவரின் ஸ்வெட்டர், குல்லாய், மேனேஜரின் மப்ளர். தொடர்பு விடவில்லை. கடிதம் இந்த வரியோடு முடிகிறது.

போன சித்திரையில், கேட்டே தீர்வது என்று சாயல்குடியில் ஞானசீலன் சார் வீட்டுக்குப் போனேன். ஏழெட்டுக் கேள்விகள் தயாராக வைத்திருந்தேன். கொளுத்துகிற வெயில். அவர் கழுத்தில் இரண்டு சுற்றுக் கம்பளி நூல். அதன் மிச்சம் ஜன்னல் வழியாக வெளியே போய், தெருவைத் தாண்டி மேற்கே எங்கேயோ போயிருந்தது. மரியாதைக்காக நான் அதைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று நூல் விறைத்தது. இரண்டு முறை வெடுக் வெடுக்கென்று இழுத்தது. அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பதிலுக்கு ஒரு முறை இழுத்துவிட்டார்.

தயாரித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோய், நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

“ரெண்டு தடவ இழுத்தா என்ன சார் அர்த்தம்?”