நெடுங்காட்டூரார் கணினியைப் புதிதாக வைத்திருந்த கதை

நெடுங்காட்டூரில் அறிவுக்குக் குறைவில்லை. எல்லோரிடமும் இருந்தது. எடுத்துப் பயன்படுத்தினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஊர் வாசகசாலைக்கு ஒரு கணினி வந்ததும், அதை அவர்கள் பழசாக விடாமல் காப்பாற்றியதும்தான் இப்போது சொல்லப் போகிற சங்கதி.

வாசகசாலைத் தலைவர் பெயர் வைரவன். கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தார். தங்கமான மனிதர். யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார். அவரிடம் இருந்த சிக்கலும் அது ஒன்றுதான். அவருக்குத் துணையாக ஓய்வுபெற்ற கம்பவுண்டர் குழந்தைவேலுவும் தச்சர் ஆண்டியப்பனும் இருந்தார்கள். கம்பவுண்டர் சந்தேகம் கிளப்புவார், தச்சர் ஆமாம் என்பார், தலைவர் முடிவெடுப்பார். இந்த முறையில் வாசகசாலை பல வருடங்களாக நடந்துவந்தது, பெரிய சேதம் ஒன்றும் இல்லை.

கணினியைக் கொண்டுவந்தவள் இளவரசி என்ற பெண். சென்னையில் மென்பொருள் வேலை பார்ப்பவள். சிற்றூர் வாசகசாலைகளுக்குக் கணினி கொடுக்கும் நண்பர் குழு ஒன்றை நடத்திவந்தாள். அந்தக் கணினியை ஓட்டுவது 'தும்பி' என்ற இயங்குதளம். தும்பி எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. பல தேசத்து ஆட்கள் கூடி எழுதியது. அதன் மூலநிரலை யாரும் வாங்கிப் பார்க்கலாம், திருத்தலாம். புரியும்படி சொல்ல வேண்டும் என்று அவள் சமையலை உதாரணமாக எடுத்தாள். மூலநிரல் என்பது சமையல் குறிப்பு, கணினி அந்தக் குறிப்பைப் பார்த்துத் தனக்கு வேண்டிய தும்பியைத் தானே சமைத்துக்கொள்ளும், குறிப்பு எழுதியவர்கள் தினமும் ஏதாவது திருத்திக்கொண்டே இருப்பார்கள் என்றாள். மூவரும் தலையாட்டினார்கள். ஆண்டியப்பன் மட்டும் கணினியை ஒருமுறை மோந்து பார்த்தார்.

போகும்போது அவள் மூன்று விஷயங்களைச் சொன்னாள். தினமும் காலையில் திருத்தம் வந்திருக்கிறதா என்று கணினியிடம் கேட்டு, வந்திருந்தால் வாங்கி மறுபடி சமைக்க வேண்டும். எதில் கை வைத்தாலும் அதற்கு முன் ஒரு பிரதி எடுத்துவிட வேண்டும். ஒரே இடத்தை இவர்களும் திருத்தி, குறிப்பு எழுதியவர்களும் திருத்தியிருந்தால், எதை வைத்துக்கொள்வது என்று கணினி கேட்கும், அப்போது இரண்டையும் பார்த்து நியாயமாக முடிவு செய்ய வேண்டும். ஒரு மாதம் கழித்து வருவேன், பொத்தானை அழுத்தினால் திரையில் 'எல்லாம் புதிது' என்று வர வேண்டும், வராவிட்டால் கணினி குறுங்காட்டூருக்குப் போய்விடும் என்றும் சொன்னாள்.

கடைசியாகச் சொன்னது வைரவன் நெஞ்சில் தைத்தது. குறுங்காட்டூர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஊர். அங்கே வாசகசாலைத் தலைவர் முத்தழகு, வைரவன் மனைவியின் உடன்பிறந்த அண்ணன். பஸ் நிறுத்தம் முன்பு நெடுங்காட்டூரில் இருந்தது, முத்தழகு அதை அந்தப் பக்கம் கொண்டுபோனார். ரேஷன் கடையும் அப்படியே போயிற்று. இப்போது கணினிக்கு மேசை வாங்கிப் போட்டு, பூவேலை செய்த உறையும் தைத்து வைத்திருக்கிறார் என்று வைரவன் மனைவி ஒவ்வொரு வேளையும் சோறு போடும்போது ஞாபகப்படுத்தினாள். வைரவனுக்குச் சோறு இறங்கவில்லை. கணினியும் போய்விட்டால் இனி மாமனார் வீட்டுப் பந்தியில் எந்த முகத்தோடு உட்காருவது என்று உண்மையாகவே கலங்கினார்.

மறுநாள் காலையில் மூவரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கணினியிடம் கேட்டார்கள். திருத்தம் வந்திருக்கிறது, நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள் என்றது. வாங்கினார்கள். கணினி சமைக்க ஆரம்பித்து, சாயங்காலம் முடித்தது. வைரவன் ஊருக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். மறுநாள் காலையில் கேட்டால், பின்தங்கியிருக்கிறீர்கள் என்று மறுபடியும் சொன்னது.

இப்படியே ஒரு வாரம் போயிற்று. எப்போதும் கணினி சமைத்துக்கொண்டே இருந்ததால் வாசகசாலைக்கு வந்த ஒருவரும் அதைத் தொட முடியவில்லை. சமைக்கும்போது அணைக்கக் கூடாது என்று திரையில் வந்ததால் ஆண்டியப்பன் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தபடியே நின்றார். ஒருநாள் கரண்ட் போனது. நாம் அணைக்கவில்லை, ஆகவே சொல்லை மீறவில்லை என்று தீர்மானித்து, மறுபடி முதலிலிருந்து சமைத்தார்கள்.

வைரவன் கவலையோடு கூட்டம் கூட்டினார்.

"நாம புதுசாக்கறோம். ராத்திரிக்குள்ள பழசாயிருது. தப்பு எங்க நடக்குது?"

கம்பவுண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தலைவரே, நோய் ஒரு இடத்துல, மருந்து ஒரு இடத்துல. நம்மகிட்ட இருக்கறது தானா பழசாகல. அங்க உக்காந்து திருத்தறாங்க பாருங்க, அதனால பழசாகுது."

"அவுங்க திருத்தலைன்னா?"

"நம்மளது புதுசாவே இருக்கும்."

இவ்வளவு எளிய விஷயம் இத்தனை நாள் தெரியவில்லையே என்று வைரவன் வருந்தினார். தும்பியை எழுதுகிறவர்களுக்கு உடனே ஒரு மடல் போனது. ஆங்கிலத்தில் எழுதியவர் கம்பவுண்டர். மருந்துச் சீட்டில் பழகிய ஆங்கிலம் அது. ஆகவே, திருத்தங்களை இந்த மாதக் கடைசி வரை உணவுக்கு முன்னும் பின்னும் நிறுத்தி வைக்கவும் என்று எழுதினார். பதில் மரியாதையாகவே வந்தது. உங்கள் யோசனைக்கு நன்றி, திருத்தங்களை மெதுவாகப் பெற விரும்புகிறவர்களுக்காகப் புதிய வசதி ஒன்றைச் சேர்த்து, அதையும் திருத்தமாக வெளியிட்டிருக்கிறோம் என்றார்கள். அன்று சமையல் வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது.

இதற்கிடையில் பிரதி விவகாரம் முற்றியது. மூலநிரலில் கை வைக்குமுன் பிரதி எடுத்தார்கள், அது சரி. அந்தப் பிரதியை யாராவது தெரியாமல் தொட்டுவிட்டால் என்ன செய்வது என்று கம்பவுண்டர் கேட்டார். பிரதிக்கு ஒரு பிரதி எடுத்தார்கள். அதற்கும் எடுத்தார்கள். கடைசியில் இனி இடமில்லை, எதையாவது அழியுங்கள் என்று கணினி சொன்னது. வைரவன் ஒரு பிரதியை அழிக்கப் போனார். ஆண்டியப்பன் அவர் கையைப் பிடித்தார்.

"அழிக்கறதும் கை வைக்கறதுதான, தலைவரே?"

வைரவன் கையை எடுத்துக்கொண்டார். அழிக்குமுன் பிரதி எடுக்க வேண்டும், பிரதி எடுக்க இடம் வேண்டும், இடத்துக்கு அழிக்க வேண்டும். மூவரும் மத்தியானம் வரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அதன்பிறகு, இதுவரை யாருமே கை வைக்காத ஒரு கோப்பைக் கம்பவுண்டர் கண்டுபிடித்தார். நாம் தொடாத ஒன்றுக்குப் பிரதி எதற்கு என்பது அவருடைய வாதம். 'முதலில் இதைப் படிக்கவும்' என்று அதற்குப் பெயர். அதை அழித்தார்கள். கொஞ்சம் இடம் கிடைத்தது.

இளவரசி வர இரண்டு நாள் இருக்கும்போது பெரிய இடி விழுந்தது. முன்பொருநாள், கணினி விழிக்கும்போது ஒரு வரவேற்பு இருந்தால் நன்றாக இருக்குமே என்று வைரவன் ஆசைப்பட்டு, மூலநிரலில் வணக்கம் சொல்கிற வரியை எடுத்துவிட்டு, 'நெடுங்காட்டூர் வாசகசாலை, தலைவர் வைரவன், வருக' என்று போட்டிருந்தார். இப்போது பின்லாந்து தேசத்தில் யாரோ ஒரு மனிதர் அதே வரியை வேறு விதமாகத் திருத்தியிருந்தார். கணினி இரண்டு வரிகளையும் மேலும் கீழுமாகக் காட்டி, எதை வைத்துக்கொள்வது என்று கேட்டது.

நெடுங்காட்டூரில் வழக்கு என்று வந்தால் ஒரே தீர்ப்புதான், ஆளுக்குப் பாதி. ஒரு குடைக்கு அண்ணன் தம்பி அடித்துக்கொண்டபோது துணியை அண்ணனுக்கும் கம்பியைத் தம்பிக்கும் கொடுத்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க இருவரும் நனைந்தார்கள். ஆனால் சண்டை இல்லை.

"நம்ம வரிய வெச்சா அந்த மனுசன் மனசு கோணிக்குவாரு," என்றார் வைரவன். "கண்ணு காணாத தேசத்துல இருந்து வேலை பாத்திருக்காரு."

"அவரத வெச்சா உங்க பேரு போயிரும்," என்றார் கம்பவுண்டர்.

ஆண்டியப்பன் அளவு டேப்பை எடுத்துத் திரையில் வைத்து, இரண்டு வரிகளையும் அளந்து, நடுவில் பென்சிலால் கோடு போட்டார். முன்பாதி தலைவருடையது, பின்பாதி பின்லாந்துக்காரருடையது. கம்பவுண்டர் அப்படியே தட்டச்சு செய்தார். யாருக்கும் ஓர் எழுத்துகூடக் கூடுதல் கிடையாது. அதற்குப் பிறகு கணினி சமைக்க மறுத்துவிட்டது. இந்த வரியில் கோளாறு என்று மட்டும் சொன்னது. பின்லாந்துக்காரருக்குத் தீர்ப்பில் திருப்தி இல்லை போலிருக்கிறது என்று வைரவன் நினைத்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

இளவரசி வந்தாள். பின்னாலேயே முத்தழகு ஒரு மினி லாரியோடு வந்தார். கையில் பூவேலை உறை இருந்தது. வைரவன் அந்த உறையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் பொத்தானை அழுத்தினாள். கணினி கோளாறான வரியைக் காட்டியது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"இத யாருங்கய்யா வெட்டுனது?"

"நான்தாம்மா," என்றார் ஆண்டியப்பன். "நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்."

இளவரசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரியைச் சரிசெய்தாள், பிரதிகளின் பிரதிகளை அழித்தாள், திருத்தங்களை வாங்கிச் சமைக்க வைத்தாள். சாயங்காலம் ஆனது. டீ வந்தது, போனது. கடைசியில் திரையில் 'எல்லாம் புதிது' என்று வந்தது. வைரவனுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

முத்தழகு விடவில்லை. "மாப்ளே, புதுசாக்குனது அந்தப் பொண்ணு. நீங்க இல்ல. நியாயமாப் பாத்தா இது எங்க ஊருக்கு வரணும்."

"மச்சான், இங்க வெச்சுத்தான புதுசாச்சு?" என்றார் வைரவன்.

இளவரசிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதுவும் வாய்க்காலைத் தாண்டி, குறுங்காட்டூர் நிறுத்தத்தில். இரண்டு ஊர்க்காரர்களும் உட்கார்ந்து பேசி நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள், முதலில் சொன்ன மூன்றை மட்டும் மறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவர்கள் மறக்கவில்லை. இரண்டு பக்கத்தையும் பார்த்து நியாயமாக முடிவு செய்தார்கள், ஆளுக்குப் பாதி. முத்தழகும் ஒப்புக்கொண்டார், அவரும் அதே வட்டாரத்து மனிதர்தானே. பிரிக்கலாம் என்று ஆண்டியப்பன் கையை நீட்டியபோது வைரவன் தடுத்தார்.

"கை வைக்கறதுக்கு முந்தி பிரதி எடுக்கணும்."

எல்லோரும் தலைவரை மெச்சிக்கொண்டார்கள். ஆண்டியப்பன் நல்ல மாம்பலகையாகப் பார்த்து எடுத்து, ஒரு வாரம் உட்கார்ந்து, அதே அளவில் ஒரு கணினி செய்தார். பெட்டி, திரை, விசைப்பலகை எல்லாம் மரத்தில். ஒவ்வொரு எழுத்தையும் விசையில் செதுக்கியிருந்தார். பார்த்தவர்கள் அசலைவிட இது லட்சணம் என்றார்கள். அதன்பிறகு பாகம் பிரித்தார்கள். அசல் திரை நெடுங்காட்டூருக்கு, அசல் பெட்டி குறுங்காட்டூருக்கு. பிரதியிலும் ஆளுக்குப் பாதி வேண்டுமே என்று கம்பவுண்டர் கேட்டார். மரப்பெட்டி இங்கே வந்தது, மரத்திரை அங்கே போனது. விசைப்பலகைகளை ஆண்டியப்பன் ரம்பத்தால் நேர் பாதியாக அறுத்தார். மினி லாரி மறுபடி வந்து ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது முத்தழகும் சந்தோஷமாக இருந்தார், வைரவனும் சந்தோஷமாக இருந்தார். அப்படி இருவரும் ஒரே நேரத்தில் சந்தோஷப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அன்று வைரவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

சில மாதங்கள் கழித்து இளவரசி போன் செய்தாள். எப்படிப் போகிறது, தினமும் புதுப்பிக்கிறீர்களா என்று விசாரித்தாள்.

"அருமையாப் போவுதும்மா," என்றார் வைரவன். "முன்னெல்லாம் காலையில கேட்டா, பின்தங்கிட்டீங்க, பின்தங்கிட்டீங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். இப்ப தினம் குளிச்சுட்டு வந்து கேக்கறோம். ஒரு கொறை சொல்றதில்ல. மச்சான் ஊர்லயும் அப்படித்தானாம்."

அவளுக்கு நம்ப முடியவில்லை. கோளாறு எதுவுமே வரவில்லையா என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணும்மா. பெட்டி அடியில லேசா உளுத்து, மாவு கொட்டுது. ஆண்டியப்பன் வார்னிஷ் அடிக்கறேன்னு சொன்னாப்ல. நாமளா கை வெக்க வேணாம்னு நான்தான் நிறுத்திட்டேன். பின்லாந்துக்காரருக்கு மடல் போட்டிருக்கோம். திருத்தம் வந்ததும் வாங்கிப் போட்டுருவோம்."