விடுதியில் ஒரு கட்டில்

ஒரு கட்டிலுக்காக இரண்டு தோழிகளை எதிரெதிரே உட்கார வைத்த கதை இது. முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. விடையைப் படிக்குமுன் சற்று நின்று யோசியுங்கள்.

தேனிப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரி. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் தையலும் கணினியும் நோயாளிப் பராமரிப்பும் கற்க அங்கே வருவார்கள். அவர்களுக்கான ஆலோசனை மையத்தை நடத்தி வந்தவள் பியூலா. மாடிப்படிக்கு அடியில் சின்ன அறை, இரண்டு நாற்காலி. உள்ளே வருகிறவர்களிடம் அவள் முதலில் சொல்வது ஒன்றுதான்: "இங்க பேசுறது இந்த அறையைத் தாண்டாது." அதை நம்பித்தான் பிள்ளைகள் வாய் திறந்தார்கள்.

அப்படி நம்பியவர்களில் ஒருத்தி சுடர்க்கொடி. பத்தொன்பது வயது, தையல் வகுப்பு. அப்பா இல்லை. அவளையும் அம்மாவையும் வீட்டில் வைத்துச் சோறு போட்டவன் தாய்மாமன். அம்மா வேலைக்குப் போன நேரங்களில் அவன் தன்னை என்ன செய்தான் என்பதை அவள் அழாமல் சொன்னாள். போலீசுக்குப் போகலாம் என்றாள் பியூலா.

"மாமா பேரு வெளிய வந்தா அம்மா உசுரோட இருக்காது மிஸ். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

பியூலா சத்தியம் செய்தாள். சத்தம் போடாமல் அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவர ஒரே வழி கல்லூரி விடுதிதான். அங்கே காலியாக இருந்தது ஒரே ஒரு கட்டில்.

அதே கட்டிலை கோகிலவாணியும் கேட்டிருந்தாள். பக்கத்துத் தையல் மெஷினில் உட்காருகிறவள், சுடர்க்கொடியின் உயிர்த்தோழி. மாமனைப் பற்றித் தெரிந்த இன்னொரு ஆள் அவள் மட்டுமே. அவளுக்கும் தேவை இருந்தது. ஊருக்குப் போகும் மாலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். கரும்புக்காட்டு வழியே அவள் நடக்கும்போது இருவர் பைக்கில் பின்தொடர்ந்தார்கள்.

முதல்வர் சத்தியசீலனுக்குத் தாம் நியாயஸ்தர் என்பதில் பெருமை. "ரெண்டு பேரும் நம்ம முன்னால கஷ்டத்தைச் சொல்லட்டும். யாருக்கு அதிகமோ அவங்களுக்குக் கட்டில்" என்றார். பிள்ளைகளை இப்படி நிறுத்த வேண்டாம் என்று பியூலா கெஞ்சியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல்வர் அறையில், பியூலாவும் இருக்க, கோகிலவாணி தன் கஷ்டம் எல்லாவற்றையும் சொன்னாள். பைக்கில் வந்தவன் துப்பட்டாவை இழுத்ததைச் சொல்லும்போது உடைந்து அழுதாள். முதல்வர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு சுடர்க்கொடியிடம் திரும்பினார்.

"உனக்கு என்னம்மா கஷ்டம்?"

"ஒண்ணும் இல்ல சார். இடம் கெடச்சா நல்லாப் படிப்பேன்."

"கஷ்டமே இல்லாதவளுக்கு எதுக்குக் கட்டில்?"

பியூலாவால் பொறுக்க முடியவில்லை. "சார், அவளுக்கு வீட்டுல பாதுகாப்பு இல்ல. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"கேக்காம எப்படி? விசாரிக்காம நான் எதையும் செய்யறதில்ல." முதல்வர் செல்போனை எடுத்தார். "நீ சேரும்போது குடுத்தது மாமா நம்பர்தானே? அவரையே கேட்டுருவோம்."

மறுமுனையில் மணி ஒலித்தது. அது அந்த அறை முழுவதும் கேட்டது. பியூலா சுடர்க்கொடியைப் பார்த்தாள். சுடர்க்கொடி வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தாள். கோகிலவாணி மடியில் கிடந்த துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். மூவரும் பேசவில்லை. மணி நின்றது.

"வணக்கம். உங்க பொண்ணுக்கு வீட்டுல பாதுகாப்பு இல்லேன்னு சொல்றாங்களே?" என்றார் முதல்வர்.

மறுநாள் காலையில் மாமன் வந்தான். குரலை உயர்த்தவில்லை. பிள்ளை ஏதோ உளறிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று முதல்வரிடம் பணிவாகச் சொல்லி, படிப்பை நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனான். அம்மா பின்னால் தலை குனிந்து நின்றாள். வாசலில் சுடர்க்கொடி பியூலாவிடம் வந்தாள். அவள் பேச்சில் குத்தல் இல்லை.

"சத்தியத்தைக் காப்பாத்திட்டீங்க மிஸ். மாமா பேரைச் சொல்லவே இல்ல."

அன்று மாலை கோகிலவாணி கட்டிலில் தன் பெட்டியை வைத்தாள். சில நாள் கழித்துப் பியூலா சுடர்க்கொடியைத் தேடிப் போனபோது மாமன் வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார்கள் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை.

மாமனின் குற்றத்தில் புதிர் ஏதுமில்லை. அறியாமல் கேடு செய்த முதல்வரையும் விட்டுவிடுங்கள். மணி ஒலித்த நேரத்தில் அந்த அறையில் உண்மை தெரிந்தவர்கள் மூவர்: சுடர்க்கொடி, கோகிலவாணி, பியூலா. மூவரில் யார் பேசாதிருந்தது பெரும் பிழை?

விடை: பியூலாதான். சுடர்க்கொடியின் வாயை அடைத்தது பயம். கோகிலவாணி தோழியைக் கைவிட்டாள். அவள் செய்தது சரியென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கரும்புக்காட்டு வழியிலிருந்து தப்ப அவளுக்கும் வேறு வழியில்லை, காவலாக நிற்பது அவள் பொறுப்பும் அல்ல. பியூலாவின் பொறுப்பு அதுதான். "பாதுகாப்பு இல்லை" என்றபோதே சத்தியம் முறிந்துவிட்டது. முழுக்க மறைத்திருந்தால் மாமன் எச்சரிக்கையாகியிருக்க மாட்டான். முழுக்கச் சொல்லியிருந்தால் முதல்வர் அவனை அழைத்திருக்க மாட்டார். பாதி சொல்லி நிறுத்திய பிறகு அவள் காத்தது சுடர்க்கொடியை அல்ல, தன் சத்தியத்தை.