கடைசிப் பள்ளியை அடை

முதலில் ஒரு ராகம்தான் கேட்டது. "பெரியது பெரியதே, சிறியது சிறியதே" என்று கட்டைக் குரலும் கீச்சுக் குரலுமாக ஒரு கூட்டமே இழுத்துக்கொண்டிருந்தது. அரண்மனைப் பின்கட்டில் வெற்றிலை மென்றபடி போய்க்கொண்டிருந்த சேந்தன் நின்றான். பஜனையா, ஒப்பாரியா? கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். நாட்டிலுள்ள ஆசிரியர்கள் அத்தனை பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகள் மாதிரி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

சேந்தன் மன்னர் மாறவேளின் அவையில் விகடம் பேசிப் பிழைப்பவன். சிரிக்க வைப்பது தொழில். தான் சிரிப்பது அபூர்வம்.

விஷயம் இதுதான். 'பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று அளந்து பார்க்கவும், அதை வைத்துப் பள்ளியை மேலே கொண்டுவரவும் ஆசிரியர்களைப் பழக்குங்கள்' என்று மன்னர் சொல்லியிருந்தார். நல்ல எண்ணம்தான். அதை அமைச்சர் தில்லைவிடங்கரிடம் சொன்னதுதான் கோளாறு. அவர் வருஷக் கடைசியில் ஒரே ஒரு பரீட்சை வைத்து மதிப்பெண்ணைக் கூட்டினார். அவர் பேரன்கள் படிக்கிற அரண்மனைப் பள்ளி முதலில் வந்தது. உப்பளத்துப் பள்ளி கடைசியில் வந்தது. உடனே ஆணை எழுதி மன்னரின் முத்திரையும் வாங்கிவிட்டார். அது பாட்டாகவே அமைந்துவிட்டதில் அவருக்கு ஏகப் பெருமை.

"முதற்பள்ளிக்குக் குடை. கடைசிப் பள்ளியை அடை" என்று, ஆசிரியர்களை அந்த ராகத்தை ஒப்பிக்க வைத்த கையோடு, அவர்கள் நடுவில் நின்று இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

உப்பளத்துப் பள்ளி ஆசிரியை உமையாள் எழுந்தாள். "ஐயா, எங்க புள்ளைங்க வந்தப்ப எழுத்தாணியை எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னே தெரியாது. இன்னைக்கு மாமன் வீட்டுக்கு ஓலை எழுதுதுங்க. அது கணக்குல வருமா?"

"முடிவுதானம்மா கணக்கு. எப்படி வந்தால் எனக்கென்ன? நாளைக்குப் பூட்டோடு ஆள் வரும்."

வெளியே வந்தவளைச் சேந்தன் மறித்தான். "பூட்டினா என்ன ஆகும் தாயி?"

"என்ன ஆகும். உப்பு வாரப் போயிடுங்க. ஒருக்கா அந்தப் பாத்தியில எறங்கின புள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை."

சேந்தனுக்கு வெற்றிலை கசந்தது. துப்பிவிட்டு நேராக மன்னரிடம் போனான். மன்னர் சொக்கட்டான் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்.

"மன்னா, அமைச்சரின் அளவு முறை பள்ளிக்கு மட்டும்தானா? அரண்மனையில் வளர்க்கிறவர்களையும் அளக்கலாமா?"

"நல்ல முறை என்றால் எங்கேயும் நல்லதுதானே. அளந்துகொள். ஆட்டத்தைக் கெடுக்காதே."

"உத்தரவு" என்றான் சேந்தன்.

மறுநாள் காலை அந்தப்புரமே அல்லோலகல்லோலப்பட்டது. மன்னர் மேல்துண்டைக்கூட மறந்து ஓடிவந்தார். தொட்டிலருகே பட்டத்து யானையின் பாகன் காளத்தி நின்றான். கையில் பூசணிக்காய் பருமனுக்குச் சோற்றுக் கவளம். தோளில் கரும்புக் கட்டு. தொட்டிலில் பல் முளைக்காத இளவரசி கரும்புத் தோகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் தாதி செங்கமலம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மகாராணியின் முகத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவதே நல்லது.

"யாரடா உன்னை இங்கே விட்டது?"

"சேந்தன் சாமிதானுங்க. இனிமே பாப்பாவை நான்தான் வளர்க்கணுமாம். முட்டி போடப் பழக்கலாமான்னு மகாராணியைக் கேட்டேன். முறைக்கிறாங்க."

சேந்தன் பணிவாக முன்னால் வந்தான். "தாங்கள் சொன்னபடி அளந்தேன், மன்னா. தாதி வளர்த்த இளவரசி ஒரு பூசணிக்காய் எடைகூடத் தேறவில்லை. பாகன் வளர்த்த யானை தராசையே முறித்துவிட்டது. முதலில் வந்தவன் காளத்தி. அதனால் கடைசியில் வந்த தாதியை..."

"உனக்கு மூளை கலங்கிவிட்டதா? யானை பிறக்கும்போதே மலை மாதிரி இருக்கும். அதைக் காளத்தியா அப்படி ஆக்கினான்? போன வருஷம் இருந்த மாதிரியேதான் இப்போதும் இருக்கிறது. என் மகள் பிறந்தபோது ஒரு உள்ளங்கை இருந்தாளா? இப்போது பார். குப்புற விழுகிறாள், தவழ்கிறாள். வளர்த்தது யார்? செங்கமலம்தானே?"

"எனக்குப் புரிகிறது, மன்னா. அமைச்சர் பின்னால்தான் நிற்கிறார். அவருக்கும் ஒருதடவை சொல்லுங்கள்."

மன்னர் திரும்பினார். தில்லைவிடங்கர் தரையில் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். மன்னருக்கு மெதுவாக எல்லாம் விளங்கியது.

"அப்படியானால் உப்பளத்துப் பள்ளி..."

"அது தவழ்கிறது, மன்னா. அரண்மனைப் பள்ளிக்கு முதலிடம்தான், மறுக்கவில்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த முதல் அப்படியே இருக்கிற இடம். லாபத்தை மட்டும் காணோம்."

அமைச்சர் சட்டென்று நிமிர்ந்தார். "எது எப்படியோ, முத்திரை விழுந்துவிட்டது. கடைசிப் பள்ளியை அடை என்பது மன்னர் வாக்கு. மாற்றினால் நாளை எந்த ஆணையை யார் மதிப்பார்கள்?"

மன்னர் உதட்டைக் கடித்தார்.

"மாற்றவே கூடாது" என்றான் சேந்தன். "அந்த ஆணை யாருக்கு, அமைச்சரே?"

"எனக்குத்தான். நிறைவேற்ற வேண்டியவன் நான்."

"அப்புறம் ஏன் இன்னும் இங்கேயே நிற்கிறீர்கள்? கடைசிப் பள்ளியை அடை என்று மன்னர் சொல்லி ஒரு ராத்திரி போய்விட்டது. இப்போது கிளம்பினால்தான் வெயிலுக்கு முன்னால் அடைவீர்கள்."

அமைச்சரின் வாய் திறந்தது. அதை அடைக்க ஆளில்லை. மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகாராணிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"வண்டி பூட்டுங்கள்" என்றார் மன்னர். "அமைச்சரே, போய் உமையாளோடு உட்காரும். ஒவ்வொரு பிள்ளையும் எதோடு வந்தது, இப்போது எதுவரை வந்திருக்கிறது, நடுவில் எங்கே சிக்கியது என்று பாரும். அதைப் பழகிக்கொண்டு வந்தபின் மற்ற ஆசிரியர்களைப் பழக்கும். சேந்தா, உனக்கு என்ன வேண்டும்?"

"காளத்தியின் தோளில் இருக்கிற கரும்பு போதும், மன்னா. இளவரசிக்கு இன்னும் பல் வரவில்லை."

மன்னர் கரும்போடு தன் முத்துமாலையையும் கழற்றிக் கொடுத்தார். கூட்டம் கலைந்தது. செங்கமலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டிலருகே உட்கார்ந்தாள். பாதியில் விட்டிருந்த பாலை விரலால் தொட்டுச் சூடு பார்த்துப் புகட்டுகிற பாலாடையில் ஊற்றினாள்.