கிணற்று இறாலுக்குப் பெயர் வைத்த கதை

நிலத்தடி நீரில் வாழும் உயிர்களைத் தேடி வந்த ஆய்வாளருக்கு, பண்ணையார் ஆவுடையப்பரின் கிணற்றில் நகத்தளவு வெள்ளை இறால் ஒன்று சிக்கியது. புதிய இனம்போல் இருந்தது. உறுதிசெய்ய இன்னும் சில வேண்டும். பண்ணையாரோ வலையைப் பிடுங்கிக்கொண்டார்.

"கிணறு என்னுது. என் பேரை வச்சாத்தான் வலை இறங்கும்."

வலை இறக்கக் கூலிக்கு வந்த பேச்சி முன்னால் வந்தாள்.

"வச்சிரலாம்யா. பேருக்குக் கீழே அடையாளமும் எழுதுவாங்க."

"எழுதட்டுமே. என்ன அடையாளம்?"

"கண்ணு கிடையாது. பொந்தை விட்டு வெளிய வராது. அழுகினதைத் தின்னும்."

பண்ணையார் மீசையைத் தடவி யோசித்தார். பிறகு வலையை அவளிடமே நீட்டினார்.

"என் மச்சான் சங்கரலிங்கம் பேரை வையி. வலை இறங்க வசதியா, தண்ணி இறைக்கிற மோட்டாரையும் நிறுத்தச் சொல்றேன்."