தூக்கணாங்குருவியின் பாதிக் கூடு

அந்தக் காலத்தில், பல்லிக்கும் மின்மினிக்கும் மனிதர்களோடு பேச்சுவார்த்தை இருந்தபோது, தூக்கணாங்குருவி என்று ஒரு பறவையே உலகத்தில் இல்லை. பனை இருந்தது, ஓலை இருந்தது, கீழே ஓடை இருந்தது. ஓலை நுனியில் தொங்குவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

அந்த ஓடைக்கு இக்கரையில், பனங்காட்டின் ஓரமாக, தவசி என்று ஒருவன் குடியிருந்தான். ஓலை முடைவது அவன் தொழில். அரிசிப் பெட்டி, கருப்பட்டி போடும் கொட்டான், பிள்ளைகளுக்குக் கிலுகிலுப்பை, பந்தலுக்குத் தோரணம், எதுவானாலும் தவசி முடைந்தால் தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாது என்று ஊரில் சொல்லுவார்கள். ஊர்ப் பேச்சு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனாலும் அவன் பின்னலில் ஓர் இழை விலகி இருந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை.

அவனுக்கு ஒரு குணம் உண்டு. கோணல் பின்னல் கண்ணில் பட்டுவிட்டால் கை சும்மா இருக்காது. சந்தையில் முன்பின் தெரியாதவர் இடுப்பில் இருக்கும் பெட்டியைக்கூட வாங்கி, உட்கார்ந்து அவிழ்த்து, புதிதாக முடைந்து கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். வாங்கிப் போகிறவர்களுக்குச் சந்தோஷம்தான். அதனால் அதை ஒரு குறை என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

அவன் பெண்டாட்டி பெயர் அணஞ்சி. பிள்ளை குட்டி இல்லை. அந்தக் குடிசையில் இருந்தது அவர்கள் இரண்டு பேரும், கூரை வாரையில் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பல்லியும்தான்.

கார்த்திகை வந்தால் அணஞ்சிக்குக் கால் தரையில் பாவாது. பச்சரிசியை ஊறவைத்து இடித்துச் சலித்து, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, தேங்காயும் சிறுபயறும் சுக்கும் போட்டுப் பிசைவாள். பிசைந்த மாவைக் குருத்தோலைக்குள் பொதிந்து, நாரால் கட்டி, பானையில் அடுக்கிக் கொழுக்கட்டை அவிப்பாள். ஆவி கிளம்பும்போது ஓலை வாசமும் கருப்பட்டி வாசமும் ஓடைக்கரை வரைக்கும் போகும். விளக்குக்குப் படைக்கிற பண்டம் என்பதால் செய்கிறவள் வாயில் போட்டுப் பார்க்கக் கூடாது. நன்றாக வந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரிய வேண்டுமானால் தின்கிறவன் சொல்ல வேண்டும்.

தின்கிறவன் சொன்னதில்லை.

அது தவசியின் கல்நெஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. வெளி வீட்டில் கை நனைத்தால் வாய் நிறையப் புகழ வேண்டும். சொந்த வீட்டில் மூச்சுக் காட்டக் கூடாது. காட்டினால் கண்பட்டுவிடுமாம், கட்டினவளை வெளியாள் ஆக்கியதுபோல ஆகிவிடுமாம். இந்த வழக்கத்தை யார் கொண்டுவந்தார்களோ தெரியாது, ஆனால் அவர்கள் ஒருநாளும் அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கியவர்களாக இருக்க மாட்டார்கள். தவசி தின்பான், கை கழுவுவான், எழுந்து போவான். எதிரே உட்கார்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அணஞ்சி, எதுவும் கிடைக்காமல் இலையை எடுத்துப் போடுவாள்.

கார்த்திகை தோறும் அக்கரையில் ஒரு பெரிய வீட்டுக்குத் தோரணம் கட்ட அவனைக் கூப்பிடுவார்கள். வேலை முடித்து, அங்கேயே தின்றுவிட்டு, பொழுது மயங்கும் நேரத்தில் ஓடையைத் தாண்டி வருவான். தாண்டுவதற்கு ஒரே ஒரு தடம்தான், இரண்டு பக்கமும் ஆள் முழுகும் பள்ளமான கிடங்கு. இக்கரையில் அணஞ்சி ஏற்றி வைக்கும் விளக்குதான் அவனுக்கு அடையாளம். அதை நேராகப் பார்த்து நடந்தால் தடம் தப்பாது. ஆனால் அது கூதல் காற்று அடிக்கும் மாதம். போன வருஷம் பாதி ஓடையில் வரும்போது விளக்கு அணைந்து, அவன் கிடங்கில் விழுந்து, தத்தளித்துக் கரையேறி, காய்ச்சலில் கிடந்தான். பிழைத்து எழுந்த பிறகு அதை அவன் மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை.

இந்தக் கார்த்திகையன்று காலையில் அணஞ்சி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். தோரண ஓலையைத் தேடிக் குடிசைக்குள் வந்த தவசி, அரிசிப் பானைக்குப் பின்னால் ஏதோ ஒன்று ஒளிந்திருப்பதைப் பார்த்தான். இழுத்து எடுத்தான். அவன் வெட்டிக் கழித்துப் போட்ட ஓலைத் துணுக்குகளால் முடைந்த ஒரு சாமான் அது. மேலே கூம்பி, நடுவில் வயிறு பருத்து, வாய் கீழே பார்த்து நீண்டு தொங்கியது. பெட்டியும் இல்லை, கூடையும் இல்லை. வாய் கீழே இருந்தால் எதைப் போட்டு வைப்பது? உள்ளே யாரோ களிமண்ணை வேறு அப்பியிருந்தார்கள். பின்னலோ, ஒரு இழைக்கும் அடுத்த இழைக்கும் நடுவே ஈர்க்கு நுனி போகிற அளவு இடைவெளி.

அவன் கை சும்மா இருக்கவில்லை. முடிச்சைத் தேடினான், பல்லால் கடித்து இழுத்தான், சரசரவென்று அவிழ்த்தான். அணஞ்சி குடத்தோடு வாசலில் வந்து நின்றபோது மேல்பாதி மட்டும் அவன் கையில் இருந்தது. கீழ்ப்பாதி ஓலைச் சுருளாகக் காலடியில் கிடந்தது.

"யாருளா இதை முடைஞ்சது? சந்தைக்குக் கொண்டுபோனா என் மானம் போயிரும்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அணஞ்சி குடத்தை இறக்கி வைத்தாள். அவள் விரல் நுனியெல்லாம் ஈர்க்கு கீறிய தழும்பு. அடுப்பில் சுட்டுக்கொண்டாள் என்றுதான் அவன் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"நாந்தான் முடைஞ்சேன். அவுக்கிறதுக்கு முன்ன, முடைஞ்சவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள்.

அவனுக்குச் சங்கடமாகிவிட்டது. எதற்கு முடைந்தாய் என்று அப்போதும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நாளைக்கு நானே இதைவிட அழகாக ஒன்று முடைந்து தருகிறேன் என்று சமாதானம் சொன்னான். அவள் குனிந்து கீழே கிடந்த ஓலையைப் பொறுக்கினாள். இன்றைக்குத்தான் அது வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அக்கரையிலிருந்து ஆள் வந்து கூப்பிடவே, தவசி தோரண ஓலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பெரிய வீட்டில் தோரணம் கட்டி முடிந்ததும் இலை போட்டார்கள். அந்த வீட்டம்மா கொழுக்கட்டையை வைத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார். இந்த மாதிரி ருசியை என் ஆயுளில் கண்டதில்லை என்று தவசி வழக்கப்படி சொன்னான். சொல்லும்போதே அவனுக்குத் தெரியும், அது பொய். பாகு முற்றிவிட்டது, மாவு பல்லில் ஒட்டுகிறது, சுக்கு போட மறந்துவிட்டார்கள். அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை அவன் பார்த்தான். ஒரு பொய்க்கே இப்படி மலர்கிற முகம், ஓர் உண்மைக்கு எப்படி மலரும்? காலையில் பார்த்த அந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. வழக்கம் கிடக்கட்டும், கண்பட்டால் படட்டும், இன்றைக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தான். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே ஓடைக்கு வந்தான். பழக்கமில்லாததால் வெட்கமாகக்கூட இருந்தது.

மேற்கே மழை பெய்திருந்தது. ஓடையில் செம்மண் நிறத்தில் புதுத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பொழுது இறங்கிவிட்டது. காற்று பனைகளை உலுக்கியது. எதிர்க்கரையில் விளக்கு எப்போதும் இருக்கும் மேட்டில் இல்லை. கீழே, தண்ணீர் விளிம்பில், கரையோடு கரையாக ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. அது இருந்த இடத்தில் நிற்காமல் கொஞ்சம் ஆடியது. யாரோ கையில் வைத்திருக்கிறார்கள் என்று தவசிக்குப் புரிந்தது.

அவன் இறங்கினான். தண்ணீர் இடுப்பைத் தாண்டியது. வெளிச்சத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் அடி வைத்தான். நடுவில் கால் நழுவியபோது வெளிச்சம் இன்னும் அருகே வந்தது. அவள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். முந்தானையைக் கூடாரமாகப் பிடித்து அதற்குள் அகலை ஏந்தியிருந்தாள். அவள் முகம்கூட ஒரு கணம் தெரிந்தது.

அப்போது கரை சரிகிற சத்தம் கேட்டது. வெளிச்சம் போய்விட்டது.

அது இருந்த திசை மட்டும் அவன் கண்ணில் மிச்சமிருந்தது. அந்தத் திசையிலேயே நடந்து அவன் உயிரோடு கரையேறினான். அவள் நின்ற இடத்தில் கரையே இல்லை. தண்ணீர்தான் போய்க்கொண்டிருந்தது. அணஞ்சி, அணஞ்சி என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான். ஊரார் தீப்பந்தத்தோடு ஓடி வந்தார்கள், கழி கொண்டு துழாவினார்கள். கீழ்க்கரையில் தாழம்புதரில் சிக்கிய மஞ்சள் தோய்ந்த முந்தானைக் கிழிசல் ஒன்றுதான் கிடைத்தது.

தவசி அதை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு குடிசைக்கு வந்தான். அடுப்பில் பானை வெதுவெதுப்பாக இருந்தது. ஓலையைப் பிரித்து ஒரு கொழுக்கட்டையை வாயில் போட்டான். பாகு பதம், மாவு பதம், சுக்கின் காரம் தொண்டையில் கடைசியாக வந்து நின்றது.

"நல்லா இருக்குளா" என்றான். "என்னைக்குமே நல்லாத்தான் இருந்துச்சு."

கேட்க வேண்டியவள் இல்லை. வாரையில் இருந்த பல்லி ச்சு, ச்சு என்று வருத்தப்பட்டது. காலையில் அவன் அவிழ்த்த சாமான் எதற்கு என்று அதனிடம் கேட்டான்.

"அது விளக்குக் கூடு. மேல மூடி, வாயைக் கீழ வச்சா காத்து நுழையாதுன்னு அவளா கண்டுபிடிச்சா. அகல் உக்காரவும், ஓலையில தீ பத்தாம இருக்கவும் உள்ள மண்ணை ஒட்டுனா. வெளிச்சம் வெளிய வரணுமேன்னுதான் இடைவெளி விட்டு முடைஞ்சா. நீ இந்த வருசம் விழுந்துரக் கூடாதுன்னு மழைக்காலம் முழுக்க அதையேதான் முடைஞ்சுக்கிட்டு இருந்தா" என்றது பல்லி.

காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று தவசி அழுதான். நீ கேட்கவில்லையே என்றது பல்லி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்த அந்தப் பல்லி, அதற்குப் பிறகு மனிதர்களிடம் பேசுவதையே விட்டுவிட்டது. வருத்தப்படுவதை மட்டும் விடவில்லை.

மறுநாள் தவசி, அவள் நின்ற இடத்துக்கு மேலே சாய்ந்திருந்த பனையில் ஏறி உட்கார்ந்து, அந்தக் கூட்டை முடைய ஆரம்பித்தான். ஓடை அவளை எங்கே கொண்டுபோயிருந்தாலும் அங்கிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று நினைத்தான். மேல்பாதி வந்துவிட்டது. கீழே அவள் எப்படித் திருப்பினாள், எங்கே வளைத்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அதை ஒழுங்காகப் பார்க்கும் முன்பே அவிழ்த்துவிட்டானே. எத்தனையோ பெட்டி முடைந்த கைக்கு ஒரு கோணல் கூட்டின் கீழ்ப்பாதி பிடிபடவில்லை. கையை நிறுத்திவிட்டு, "அணஞ்சி, வந்து பாரு. சரியா இருக்கா?" என்று கூப்பிட்டான். காத்திருந்தான். யாரும் வரவில்லை. அந்தப் பாதிக் கூட்டை அவிழ்க்க அவனுக்கு மனம் வரவில்லை. அப்படியே தொங்கவிட்டு, பக்கத்து ஓலையில் இன்னொன்று தொடங்கினான்.

அகலை ஏற்றி உள்ளே கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தான். பாதிக் கூட்டில் காற்று புகுந்து அணைத்துவிட்டுப் போனது. தாழம்புதரில் இருந்த மின்மினிகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தன. அவற்றில் ஒன்று அவனிடம் வந்தது.

"எங்களை அணைக்கக் காத்துக்குத் தெரியாது. கொஞ்சம் ஈர மண்ணை அப்பி வை, நாங்க உக்காந்துக்கிடுதோம்" என்றது.

மண்ணை வைத்தான், அவை உட்கார்ந்தன. வெளிச்சம் நின்றது. அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை இன்னும் கூடியது. மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தது. சோறு தண்ணியை மறந்து, மரத்தை விட்டு இறங்காமல் முடைந்து முடைந்து அவன் உடம்பு ஒடுங்கிக்கொண்டே வந்தது. ஒரு காலையில் ஊரார் அண்ணாந்து பார்த்தபோது அங்கே மனிதன் இல்லை. தலையில் மஞ்சள் கட்டியதுபோல ஒரு சின்னக் குருவி, அலகில் நாரோடு, ஒரு பாதிக் கூட்டின் மேல் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கூப்பிட்ட குரலுக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குருவி வந்து, கூட்டைச் சுற்றிப் பார்த்து, உள்ளே தலையை நீட்டிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் பறந்து போனது. அது அணஞ்சிதானா, வேறு ஒருத்தியா என்று அந்தக் குருவிக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி தண்ணீருக்கு மேலே ஓலை நுனியில் வாய் கீழ்நோக்கிய கூட்டைக் கட்டி, ஈர மண்ணில் மின்மினியை ஒட்டி, பாதியோடு கையை நிறுத்திவிட்டுத் துணையைக் கூப்பிடுகிறது. அவள் வந்து பார்த்துச் சரி என்றால்தான் மீதியை முடைகிறது, பேசாமல் போய்விட்டால் அந்தப் பாதிக் கூட்டை அவிழ்க்காமல் அப்படியே தொங்கவிட்டு, முதலிலிருந்து இன்னொன்றைத் தொடங்குகிறது.