சிரட்டை விளக்கு

கால நீட்டி ஒழுங்காப் படு, செலினு. கொசுவலைய இழுத்து விட்டாச்சு. இனி எந்திரிக்கக் கூடாது. நீ "ம்" சொன்னாத்தான் அத்தை கதை சொல்லுவேன். ஒன் "ம்" நின்னா கதையும் நின்னுரும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு இருமல் இருந்துச்சாம்.

"இருமலா?"

ஆமா, இருமல்தான். இருமல் இருந்தா அதுக்கு ஒரு தொண்டை வேணும்லா? அந்தத் தொண்டை தெக்லாம்மாவோடது. கடலோரத்துல ஒரு சின்ன ஊரு, எல்லாரும் கடலுக்குப் போற ஆளுங்க. அங்கதான் அவ இருந்தா. கெட்டவ இல்ல, கேட்டுக்கோ. நெறைய நல்லது செய்வா. ஆனா செய்யுறதுக்கு முன்னாடி "க்கும்"னு ஒரு இருமல் இருமிக்கிடுவா. பசிச்சு வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்தணுமா, வாசலுக்கு வந்து நின்னு "க்கும்". கோயில்ல முட்டுக்கால் போட்டு செபம் பண்ணணுமா, மொத வரிசைக்குப் போயி "க்கும்". அப்பத்தான நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க?

பாத்தவங்க சும்மா இருப்பாங்களா? "ஆகா, தெக்லாம்மா மாதிரி உண்டா"ம்பாங்க. அந்த ஆகா இருக்கே, அது அவளுக்குக் கருப்பட்டி. ஒரு நாள் அது கெடைக்கலன்னா சோறு எறங்காது. நீயும் போன வாரம் மழையில நனஞ்ச ஒரு புள்ளைக்கு ஒன் கொடையக் குடுத்துட்டு தெரு பூரா போயிச் சொல்லிட்டு வந்தேல்ல, அதே கருப்பட்டிதான்.

"நான் இருமலயே."

இருமல, இருமல. கதையக் கேளு.

கடல் பக்கம் மணல் மேட்டுல ஒரு குருசடி. ஒரு ஆளு குனிஞ்சு நொழையுற அளவுக்குக் குட்டிக் கோயில், உள்ள ஒரு குருசு. அந்த ஊர்ல என்ன வழக்கம்னா, பொழுது சாஞ்சா குருசடில ஒரு வெளக்கு ஏத்தணும். இன்னைக்கு இந்த வீடு, நாளைக்கு அடுத்த வீடுன்னு முறை. மத்த நேரத்துலயும் யாராவது கடல்ல மாட்டிக்கிட்டா அங்கதான் ஏத்துவாங்க. கடலுக்குப் போன கட்டுமரம் அந்த வெளிச்சத்தப் பிடிச்சுத்தான் கரைக்கு வரும்.

அப்போ தெக்லாம்மா என்ன செஞ்சா? "க்கும், நீங்கள்லாம் எண்ணெய்க்கு எங்க போவீங்க, இனி எல்லா வீட்டு முறையையும் நானே பாத்துக்கிடுதேன்"னுட்டா. பெரிய பித்தள வெளக்கு ஒண்ணு செஞ்சு, திரிக்கு நேர் கீழ அவ பேர வெட்டி வச்சா. வெளக்கு ஏத்துனா எது மொதல்ல தெரியும்? பேருதான் தெரியும். அப்புறம் மத்த வீட்டு மண்வெளக்கு பூரா பரணுக்குப் போச்சு. பல்லி அதுக்குள்ள முட்ட வச்சிருச்சு.

"பித்தள வெளக்கு நல்லா எரிஞ்சுச்சா?"

எரிஞ்சுச்சே, தகதகன்னு. ஆனா அப்போ வானம் தெளிவு, நட்சத்திரம் கொட்டிக் கெடந்துச்சு. கட்டுமரமெல்லாம் தானாக் கரைக்கு வந்துச்சு. அந்த வெளக்கு நெஜமாவே வேலை செய்யுதான்னு பாக்க யாருக்கும் தேவையே வரல.

"ம்."

அப்புறம் ஒரு மார்கழி மாசம் பனி வந்துச்சு. கடல்ல இருந்து எந்திரிச்சு, பூனை மாதிரி சத்தமே இல்லாம, மெல்ல மெல்ல ஊருக்குள்ள வந்துச்சு. மொதல்ல அலையக் காணோம். அப்புறம் கரையில கெடந்த வலையக் காணோம். அப்புறம் கோயில் மணிக்கூண்டக் காணோம். மணி மட்டும் எங்கேயோ தூரத்துல, டோ...ங், டோ...ங்னு, தூக்கத்துல கேக்குற மாதிரி கேட்டுச்சு. கோழி நிக்குது, குஞ்சு தெரியல. கை நீட்டுனா கை இருக்கு, வெரலக் காணோம். ஊரே பால்ல முங்கிப் போச்சு.

எல்லா மரமும் எப்படியோ தட்டுத்தடவி வந்துருச்சு. ஒரே ஒரு மரம் வரல. அதுல ரெண்டு பேரு. ஒண்ணு தெக்லாம்மா புருசன் கயத்தான். இன்னொண்ணு எதிர்த்த வீட்டு மதலேனாளோட மகன் சந்தியாகு. மதலேனாள் யாருன்னா, அதிர்ந்து பேசாத பொம்பள. வலை பின்னிப் பொழைக்கா. புருசனக் கடல் கொண்டு போயிருச்சு, இருக்கது ஒரு மகன்தான். மரத்துல குடிக்கத் தண்ணி எவ்வளவு? ஒரு சின்னக் கலயம். அது தீந்துச்சுன்னா சுத்தி அவ்வளவு தண்ணி இருந்தும் ஒரு வாய் குடிக்க முடியாது.

"வந்துருவாங்களா அத்தை?"

பொறு மக்களே, சொல்லுதேன்லா.

மொத நாளு சாயங்காலம். தெக்லாம்மா பித்தள வெளக்கத் தூக்குனா. ஊரே செபம் சொல்லிக்கிட்டுப் பின்னால வந்துச்சு. குருசடில வெளக்க வச்சா. வச்சுட்டு என்ன செஞ்சா?

"க்கும்."

ஆ, அதேதான். க்கும்னுட்டு ஏத்துனா. வெளிச்சம் பொங்கி எந்திரிச்சுச்சு. கடலப் பாத்துக் கொஞ்ச தூரம் போச்சு. அப்புறம் நின்னுச்சு. என்ன நெனச்சுச்சோ, திரும்பி வந்து அவ மூஞ்சியிலேயே விழுந்துச்சு. கம்மல் மின்னுது, கன்னம் மின்னுது. "தெக்லாம்மா மொகத்தப் பாருங்க, மாதா மாதிரி இருக்கு"ன்னாங்க. புருசன் கடல்ல கெடக்கான், நெஞ்சுக்குள்ள அழுகை முட்டுது, அப்பவும் அவளுக்கு ஓரத்துல கொஞ்சம் இனிச்சுச்சு. பாவம், பழகுன நாக்கு. ஆனா கடல் பக்கம் ஒரே வெள்ளை. "ஓ...ய்"னு கூப்பிட்டாங்க. பதில் இல்ல.

"ம்."

ரெண்டாம் நாளு அவ யோசிச்சா. கூட்டம் வந்ததுதான் தப்பு, யாருக்கும் தெரியாமப் போவோம்னு நெனச்சா. தலைல முக்காடு போட்டா, வெளக்கச் சேலைக்குள்ள மறச்சா. இன்னைக்கு இருமக் கூடாதுன்னு வாயைப் பொத்திக்கிட்டா. நல்லதுதான? ஆனா குருசடிக்கு ரெண்டு வழி உண்டு. ஒண்ணு நேர் வழி. இன்னொண்ணு கெணத்தடிய சுத்திப் போற வழி. அவ எந்த வழியாப் போயிருப்பா?

"கெணத்தடி."

ஒன் வயசுக்கே தெரியுது பாரு. கெணத்தடில நாலு பொம்பளங்க தண்ணி எறச்சுக்கிட்டு இருந்தாங்க, கடகட, கடகடன்னு. பனிக்குள்ள ஒரு முக்காடு போகுது. "யாருக்கும் சொல்லாமப் போறாளே, அது தெக்லாம்மா நடைல்லா"ன்னு ஒருத்தி சொன்னா. முக்காட்டுக்குள்ள இவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு.

அப்புறம் வெளக்க ஏத்துனா. வெளிச்சம் வந்துச்சு. கடல எட்டிக்கூடப் பாக்கல. அவளத் தாண்டி, மணல் மேட்டத் தாண்டி, குடுகுடுன்னு கெணத்தடிக்கே ஓடிருச்சு. அவ நெழலு மட்டும் கருப்பா, பெருசா, கடல் மேல விழுந்துச்சு. அவ திரியத் திட்டுனா. எண்ணெயில கலப்படம்னு கடக்காரனத் திட்டுனா. அப்புறம் திட்ட ஆளு இல்லாம மணல்ல உக்காந்து அழுதா. கயத்தானுக்கு இப்போ கலயத்துல ஒரு மொடக்குத் தண்ணி இருக்குமோ, இருக்காதோ.

தூங்கிட்டியா?

"...ம்."

அப்புறம் மூணாம் நாளு விடியுற நேரம். தெக்லாம்மா வாசப்படில சாஞ்சு கெடந்தா. எதிர்த்த வீட்டுக்குள்ள யாரோ பேசுற சத்தம். மதலேனாள் யார்கூடப் பேசுதான்னு காதக் குடுத்துக் கேட்டா. கதவு சாத்தியிருக்கு. உள்ள வேற ஆளு இல்ல. மெதுவா, எறும்பு கேக்குற அளவுக்கு மதலேனாள் சொல்லுதா: "ஏசுவே, எம் புள்ளையக் கொண்டு வாரும். கயத்தான் அண்ணனையும் கொண்டு வாரும். தெக்லா பாவம், தனியாக் கெடக்கா."

தெக்லாம்மா அப்படியே உக்காந்துட்டா. இத்தன செபம் சொன்னாளே, ஊரே கேக்கச் சொன்னாளே, சந்தியாகுங்கிற பேர ஒரு தடவ சொன்னாளா? சொல்லல. அவன் அம்மா இருக்காளேன்னு ஒரு தடவ நெனச்சாளா? நெனக்கல. அவளுக்கு வெக்கமாப் போச்சு. அடிவயித்துல இருந்து வந்த வெக்கம், யாரும் பாக்காதப்போ வருமே, அது.

எந்திரிச்சா. பித்தள வெளக்கத் தூக்கப் போனா, கை ஓஞ்சு போயித் தூக்க முடியல. அடுப்படில ஒரு தேங்காச் சிரட்டை கெடந்துச்சு. தாளிக்க வச்ச எண்ணெய அதுல ஊத்துனா. சேல முந்தியச் சர்ர்ருனு கிழிச்சுத் திரியாத் திரிச்சா. ஓடுனா, நேர் வழில. பனிக்குள்ள கால் இடறி, பொத்துனு விழுந்தா. பாதி எண்ணெய் மணலுக்குப் போச்சு. மீதிய நெஞ்சோட அணச்சுக்கிட்டு மேட்டுல ஏறுனா.

தீக்குச்சி ஒரசுனா. புஸ். காத்து அணச்சிருச்சு. இன்னொண்ணு ஒரசுனா. புஸ். இன்னொண்ணு. இந்தத் தடவ திரி பிடிச்சுச்சு. ரெண்டு கையையும் சுத்திப் பொத்தி வச்சுக்கிட்டா. உள்ளங்கை சுடுது, எடுக்கல. "ஏசுவே, சந்தியாகுவக் கொண்டு வாரும். எங்க வீட்டு ஆளையும் கொண்டு வாரும்"னா. இருமல் வரல, செலினு. தனக்குத் தொண்டைன்னு ஒண்ணு இருக்கதே அவளுக்கு மறந்து போச்சு. பனில அவ கையே அவளுக்குத் தெரியல.

அப்போ அந்த வெளிச்சம், எலந்தப்பழம் அளவுதான் இருக்கும், அவ வெரலுக்கு நடுவுல மெல்ல நழுவுச்சு. அவ மொகத்துல விழல. கெணத்தடிக்குப் போகல. கடலுக்குள்ள எறங்கி, பனிக்குள்ள, ஊசியில நூலு போற மாதிரி போயிக்கிட்டே இருந்துச்சு. போயிக்கிட்டே... இருந்துச்சு...

"ம்..."

அங்க கடல்ல கலயம் காஞ்சு போச்சு. ரெண்டு பேரு நாக்கும் ஒட்டிக் கெடக்கு. சந்தியாகுதான் மொதல்ல பாத்தான்.

"மாமா, அங்க ஒண்ணு மின்னுது."

"நட்சத்திரமா இருக்கும்டே."

"இவ்வளவு கீழ நட்சத்திரம் இருக்குமா மாமா?"

"துடுப்பப் போடு."

சளப்... சளப்... சளப். கரையில தெக்லாம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு. பேச்சுச் சத்தமும் கேட்டுச்சு, ரெண்டு கொரலு. ரெண்டும் உசுரோட இருக்கு. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. அப்போ பாரு, தொண்டைக்குள்ள எதுவோ மெல்ல எந்திரிச்சுச்சு. "க்..."

அவ்வளவுதான். சிரட்டையக் குருசடிக்குள்ள வச்சுட்டு எடுத்தா ஓட்டம். தன் தொண்டை மேல அவளுக்கே நம்பிக்கை இல்ல. வீட்டுக்கு ஓடியாந்து அடுப்பப் பத்த வச்சு, கஞ்சிக்கு ஒல வச்சு, ஒண்ணுமே தெரியாத ஆளு மாதிரி உக்காந்துக்கிட்டா.

அப்புறம் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சுச்சு. ஊரே கேக்குது, ரெண்டு பேரையும் கரை சேத்த அந்தச் சிரட்டை வெளக்க ஏத்துனது யாருன்னு. "சிரட்டைன்னா மதலேனாளாத்தான் இருக்கும், அவ வீட்டுல வேற என்ன இருக்கு"ன்னு ஒருத்தர் சொன்னாரு. மதலேனாள் "நான் இல்லீங்க"ன்னா. "பாத்தீங்களா, செஞ்சுட்டு இல்லங்கா, எப்பேர்ப்பட்ட மனசு"ன்னு ஊரு இன்னும் கூடப் புகழ்ந்துச்சு. ஆகா, ஆகா, ஆகா. அத்தன கருப்பட்டியும் எதிர்த்த வீட்டுக்குப் போகுது. தெக்லாம்மா தொண்டையில அந்த இருமல் ஏறுது, ஏறுது, நாக்கு நுனிக்கே வந்துருச்சு. ஒரு தடவ இருமுனாப் போதும், எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.

"இருமுனாளா?"

முழுங்கிட்டா. மடக்குனு. வெறும் எச்சிதான், ஆனா கல்லு முழுங்குன மாதிரி எறங்குச்சு.

வீட்டுக்கு வந்து புருசனுக்குக் கஞ்சி ஊத்துனா. முந்திய உள்பக்கமாச் சொருகிக்கிட்டா, கிழிஞ்சது தெரியக் கூடாதுல்லா. கயத்தான் கஞ்சியப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "தெக்லா, அந்தச் சிரட்டை வெளக்க ஏத்துன கை யாரு கையோ. கெடச்சா அதுல ஒரு முத்தம் குடுப்பேன்." அவ கை அவரு கண்ணு முன்னாடிதான் இருக்கு. உள்ளங்கையில தீப்புண்ணு இன்னும் ஆறல. கைய மூடிக்கிட்டா.

"கஞ்சி ஆறுது, குடிங்க"ன்னா.

அன்னைக்கு அவ கஞ்சி குடிச்சா பாரு, கருப்பட்டி இல்லாம, தொட்டுக்க ஒண்ணும் இல்லாம, அப்படி இனிச்சுச்சு. அப்புறம் பரணுல கெடந்த மண்வெளக்கெல்லாம் கீழ எறங்குச்சு, பல்லி வேற எடம் பாத்துக்கிடுச்சு, வீட்டுக்கு வீடு முறை வந்துச்சு. பித்தள வெளக்கு என்ன ஆச்சுன்னா...

"அத்தை."

என்ன மக்களே? தூங்கலயா?

"அவ யார்கிட்டயும் சொல்லலன்னா, அவ பேரு தெக்லாம்மான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு எங்க தெரியும்? கதைக்கு ஒரு பேரு வேணும்லா, நானா வச்சேன்.

"அப்போ நெஜப் பேரு?"

அது அவளுக்குத் தெரியும். கொண்டு வாரும்னு அவ யார்கிட்டக் கேட்டாளோ, அவருக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது.

"...ம்."

பனி எறங்கியாச்சு, மரம் கரைக்கு வந்தாச்சு, சிரட்டையில எண்ணெயும் தீந்தாச்சு. கண்ண மூடு, தங்கமே.