பல்பு எவ்வளவு இழுக்கிறது?

"செங்கோடனை வெளியே அனுப்புங்க, தாயி. இல்லைன்னா நான் போறேன்."

மாசிலாமணி இதைச் சொன்னது முட்டுச்சந்து அம்மாவிடம். சந்தின் கடைசி வீட்டில் இருந்ததால் அம்மாவுக்கு அந்தப் பெயர். மாசிலாமணி ஓய்வுபெற்ற சயின்ஸ் வாத்தியார், வயதில் அம்மாவைவிட மூத்தவர். ஆனாலும் சீடர் அவர்தான்.

செங்கோடன் இன்னொரு சீடன். ஆடியில் பக்கவாதம் வந்து விழுந்தவன், உள்ளறைக் கட்டிலை விட்டு எழவில்லை. விழுந்தது உடம்புதான். வாய் தெம்பாக இருந்தது. தண்ணி கேட்கும், வெற்றிலை கேட்கும், காலை அமுக்கச் சொல்லும். அம்மா ஓடிக்கொண்டே இருந்தாள். சீடர்களுக்கான ஞானப் பாடம் நின்றுபோனது.

"உங்க உசிரையே இழுக்குறான். எவ்வளவு இழுக்குறான்னு உங்களுக்குத் தெரியலை. வாசல்ல நின்னு பாக்குற எனக்குத் தெரியுது."

அம்மா தலைக்கு மேலே தொங்கிய பல்பைக் காட்டினாள்.

"இது எவ்வளவு இழுக்குது?"

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. நியாயம் கேட்க வந்தவனிடம் பரீட்சையா?

"அறுபது வாட். இருநூத்தி முப்பது வோல்ட். வகுத்தா கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல. எட்டாவது படிக்கிறவன் சொல்வான்."

"அது எழுதிவச்ச கணக்கு. இப்ப எவ்வளவு?"

விடுவிடுவென்று வீட்டுக்குப் போய், வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கிற கை மீட்டரோடு வந்தார். ஹோல்டர் மூடியைத் திருகினார். மீட்டர் ஊசிகளால் இரண்டு முனைகளையும் தொட்டார். வோல்ட் சரியாகக் காட்டியது. மீட்டரின் சிவப்பு ஒயரைப் பிடுங்கி அதன் ஆம்பியர் துளையில் செருகினார். அதே கோபத்தில், அதே இடத்தில், மறுபடி தொட்டார்.

டமார்.

அந்தச் சத்தத்துக்குத் தெருமுனை டீக்கடையில் பாதி வெந்த வடைகள் சட்டியில் தாமாகவே திரும்பிப் படுத்தன. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஃபியூஸ் போனது மட்டும் சத்தியம்.

"பசங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க, வாத்தியாரே?" இருட்டுக்குள்ளிருந்து அம்மா கேட்டாள்.

"வோல்ட்டை வெளியே இருந்து தொட்டுப் பாக்கலாம்," என்று கடுகடுத்தார். "கரண்ட்டை அப்படிப் பாக்க முடியாது. ஒயரை வெட்டி மீட்டரை நடுவுல வைக்கணும். பல்புக்குப் போறது அத்தனையும் மீட்டருக்குள்ள நுழைஞ்சுதான்..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "தண்ணி."

அம்மா எழுந்திருக்கவில்லை.

"தண்ணின்னு சொன்னேன்."

மாசிலாமணி சுவரைத் தடவிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சொம்பை எடுத்தார். முணுமுணுப்பு மட்டும் ஓயவில்லை.

செங்கோடனை நிமிர்த்தி, தன் தோளில் சாய்த்துக்கொண்டு, புகட்டினார். இவ்வளவு கனப்பான் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

இரண்டு மடக்கு குடித்துவிட்டுச் செங்கோடன் சொன்னான்: "சூடு பத்தலை, வாத்தியாரே."

மாசிலாமணி மறுபடி அடுப்படிக்கு நடந்தார்.